அக்கா இடிக்கிறாள்

“அது கையா, உலக்கையாக்கா? கொஞ்சம் மெதுவா அடிச்சாத்தான் என்ன?”

தம்பி கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, ஒலிப்பதிவு அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான்.

ட்ரம்ஸுக்குப் பின்னால் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு இப்படித்தான்டா வரும்.”

சினிமாப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல், சொந்தப் பாட்டு, ராக் இசை என்று பதினோரு வருஷமாக இரண்டே பேர். அவன் பாட்டு, கிட்டார். அவள் ட்ரம்ஸ். முதல் ஆல்பத்தை எல்லோரும் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். மூன்றாவது வந்தபோது ஒரு பத்திரிகை, ‘தம்பி பாடுகிறார், அக்கா இடிக்கிறார்’ என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டது.

அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இது நாலாவது. இதுவும் ஊத்திக்கொண்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

“நாளைக்கு வேற ஆளை வரச் சொல்லியிருக்கேன்,” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

சண்டை போடுவாள் என்று நினைத்தான். அவள் குச்சிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

“நல்லா வரும்டா,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் வந்தவர் பூப்போல வாசித்தார். ஆனால் பாதிப் பாட்டில் தம்பி தாளம் தப்பினான். இரண்டாம் தடவையும் அதே இடம். மூன்றாம் தடவை கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

“என்ன சார், நடுநடுவுல நிறுத்திடறீங்க?”

“நான் நிறுத்தவே இல்லையே!”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளரைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டான். அவர் வந்து, அவனைத் தனியே அழைத்துப்போனார்.

“அவர் சரியாத்தான் வாசிக்கிறார், தம்பி. மெல்லிசா வாசிக்கிற இடம் உங்களுக்குத்தான் கேட்கலை.”

“என்ன உளர்றீங்க?”

“ரெண்டு வருஷமாவே இப்படித்தான். காது டாக்டர்கிட்ட போலாம்னு கூப்பிட்டப்ப அக்கா மேல எரிஞ்சு விழுந்தீங்களாமே? உங்களுக்குக் கேட்கணும்னுதான் அவங்க அந்த அடி அடிச்சாங்க. நீங்க இல்லாதப்ப வாசிச்சுக் காட்டினாங்க பாருங்க, மழைத்தூறல் மாதிரி!”

தம்பி ட்ரம்ஸ் பக்கம் திரும்பிப் பார்த்தான். “அந்த விமர்சனம் வந்தப்பவாவது வெளியில சொல்லியிருக்கலாமே...”

“நானும் கேட்டேன். ‘அடிக்கிறவளுக்குக் கை முரடுன்னு நாலு பேர் பேசிட்டுப் போகட்டும். பாடுறவனுக்குக் காது போச்சுன்னு தெரிஞ்சா எவன் மேடை குடுப்பான்?’னாங்க.”