ஆவணிக்குள் தேய்ந்த டயர்

அரிகரன் எழுந்தான். பல் துலக்கினான். டீ போட்டுக் குடித்தான். வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு, கூடத்தில் நின்ற ரேஸ் சைக்கிளின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரம் சக்கரம் சுற்றும் சத்தம். பிறகு தரையில் கிடந்த கறுப்புத் தூளை ஈரத்துணியால் துடைத்தான். சோப்புப் போட்டுக் கை கழுவினான்.

"பொண்டாட்டி சைக்கிளுக்குத் தெனம் பூச பண்ணுது பாரு அந்தப் புள்ள" என்று பக்கத்து வீட்டு அமுதம் தெருவில் யாரிடமோ சொல்வது கேட்டது.

அவன் மனைவி செல்வகுமாரி சித்திரையில் காய்ச்சலில் போனாள். பிள்ளை இல்லை என்பதால் அவள் கொண்டுவந்த சீரைப் பிறந்த வீட்டார் முறைப்படி திருப்பி எடுத்துக்கொண்டார்கள். பீரோ போனது, கட்டில் போனது, கிரைண்டர்கூடப் போனது.

மிச்சம் அந்த சைக்கிள்தான். கல்யாணத்துக்கு மோட்டார் பைக் தருகிறோம் என்றபோது, இதுதான் வேண்டும் என்று அவள் கேட்டு வாங்கியது. பாகூர் ஏரிக்கரையில் அவளை அதன்மேல் பார்க்காதவர் இல்லை.

அது இன்னும் வீட்டில் நிற்பதற்கு ஒரே காரணம், அவளுடைய கடைசி வார்த்தை என்று அரிகரன் எல்லோரிடமும் சொன்னது: 'தேஞ்ச டயரோட அத யாருக்கும் குடுத்துடாதீங்க.'

படத்திறப்பில் மைக் பிடித்தவர்கள் எல்லோரும் அதையே பேசினார்கள். "சாகும்போதும் சாலைப் பாதுகாப்பை நினைத்த சகோதரி!" என்று கட்சிக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹெல்மெட் போடாமல்தான் வீட்டுக்குப் போனார்.

ஆடியில் அவளுடைய அண்ணன் பாக்யராஜ் தானே இரண்டு புது டயர் வாங்கிவந்து மாட்டினான். ஆடியில் பொருள் எடுக்கக் கூடாது என்று சைக்கிளை விட்டுப்போனான். இன்று ஆவணி பிறந்ததும் ஏம்பலத்திலிருந்து மோட்டார் பைக்கில் வந்து இறங்கினான், தலையில் சைக்கிள் ஹெல்மெட்டோடு.

"இன்னா மாப்ள, ரெடியா? இப்பிடியே மிதிச்சிக்கினு வூட்டுக்குப் போயிடறேன். பைக்க அப்பால வந்து எடுத்துக்கறேன்."

"டயரப் பாத்துடுங்க மச்சான்."

பாக்யராஜ் போனில் டார்ச் அடித்துக் குனிந்தான். டயரைப் பற்றி அவன் பார்க்காத வீடியோ இல்லை. "நடுவுல சின்னதா ரெண்டு குழி இருக்கும் மாப்ள. குழி மறைஞ்சா டயர் காலின்னு அர்த்தம்." விரலால் தடவினான். "அடப்பாவி, குழியே காணம்! நூலு தெரியுது! ஒரே மாசத்துல எப்டி?"

"தெனம் ஏரிக்கரை வரைக்கும் ஓட்டறேன்."

"நம்ம ரோடு டயரத் தின்னுது. எவனாவது கேக்கறானா?" முன்சக்கரத்தையும் பார்த்து வியந்தான். "பின்டயருதான் மொதல்ல தேயும்பாங்க. ஒனக்கு ரெண்டும் ஒண்ணாத் தேஞ்சிருக்கு. இன்னா பேலன்சு மாப்ள ஒனக்கு!"

"வேணும்னா இப்பிடியே எடுத்துக்கினு போங்களேன்."

"சே! தங்கச்சி வாக்க மீறுவனா? சாயங்காலம் புதுசு வாங்கியாந்து மாட்டிட்டுப் போறேன். இப்ப தேய்பிறை வேற. வளர்பிறையில வந்து எடுத்துக்கறேன்."

தங்கையின் படத்தைப் பார்த்து ஹெல்மெட்டைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அரிகரன் கதவைத் தாழிட்டான். படத்துக்குப் பின்னால் கைவிட்டு உப்புத்தாளை எடுத்தான். சொரசொரப்பெல்லாம் போய் வழவழவென்று இருந்தது. இதை மாற்றியாக வேண்டும்.

படத்தில் இருந்தவளை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"சைக்கிள எங்கண்ணனுக்கே குடுத்துடுங்க. பாவம், ரொம்ப நாளா ஆசப்படுது."