சொந்தக்காரர் வராத இடம்

"பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்கு," என்றார் தரகர் வதீம், பெருமையாக.

"அப்போ வேண்டவே வேண்டாம். இவரோட சித்திக்குப் பித்தப்பைல கல்லு," என்றாள் என் மனைவி ரௌஷன்.

ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு வீடு காட்டினார். அவள் காரைவிட்டே இறங்கவில்லை.

அவளைக் குறை சொல்ல முடியாது. வாடகைக்கு விடலாமென்று அல்மாட்டியில் நாங்கள் வாங்கிய முதல் வீடு கல்லூரிக்குப் பக்கம். அருமையான இடம். என் அண்ணன் பிள்ளைகள் மூன்று பேர் அங்கே தங்கித்தான் படிக்கிறார்கள். சொந்தத்திடம் எந்த வாயால் வாடகை கேட்பது?

கசாக் மக்களான எங்களில் ஏழு தலைமுறைக்குள் ஒரே ஒரு பாட்டன் பெயர் ஒத்துப்போனாலும் சொந்தம்தான்.

இப்போது தேடும் இரண்டாவது வீடும் இப்படிக் கையைவிட்டுப் போனால், சாகும்வரை நான் டாக்சி ஓட்ட வேண்டியதுதான்.

கடைசியில் அமைந்தது. கடைசி பஸ் நிறுத்தத்திலிருந்து இருபது நிமிட நடை. சந்தை கிடையாது, கல்லூரி கிடையாது. எதிரே சிமெண்ட் ஆலை. அங்கே வேலை செய்யும் வெளியூர்க்காரர்கள் வாடகைக்கு வருவார்கள்.

"காத்து நல்லா வரும்," என்று இழுத்தார் வதீம், சொல்ல வேறெதுவும் கிடைக்காமல்.

ரௌஷன் சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அன்றுதான்.

வீட்டை விற்கும் ஒராஸ்பாய் தனிக்கட்டை. மூட்டை முடிச்செல்லாம் கட்டி வைத்திருந்தார். கையெழுத்து முடிந்ததும் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"தம்பி, நீங்க யார் வழி?"

மேசைக்கடியில் ரௌஷன் என் தொடையைக் கிள்ளினாள். வலியில் உயிர் போனது. ஆனால் பெரியவர் ஒருவர் வம்சம் கேட்டு வாயை மூடிக்கொண்டிருந்த கசாக் ஆளை நான் பார்த்ததில்லை.

அப்பாவிலிருந்து ஆரம்பித்தேன். ஆறாவதாக 'பைமூரத்' என்றதும் அவர் எழுந்துவிட்டார். கட்டிப்பிடித்து அழுதார். பொய் சொல்வானேன், நானும் அழுதேன். விலையில்கூடக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். ரௌஷனுக்கு லேசாக உயிர் வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒராஸ்பாய் மெத்தைக் கட்டை அவிழ்த்து, பழைய இடத்திலேயே விரித்தார்.

"வாடகைக்கு ரூம் தேடிப் போகணுமேன்னு கவலைப்பட்டேன். தம்பி வீடு இருக்கறப்போ எனக்கென்ன?"

பிறகு ரௌஷனைப் பார்த்து அன்பாகச் சொன்னார்:

"நீங்களும் எப்ப வேணா வந்து தங்கிட்டுப் போங்கம்மா. கூச்சப்படாதீங்க."