இறங்குமுகம்

"இறங்குமுகம்தான்" என்று முனகிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

தம்பி கண்ணை மூடிப் படுத்திருந்தான். அவன் மனைவிக்கு முகமெல்லாம் பல்.

"கேட்டீங்களா அண்ணி? காய்ச்சல் இறங்குமுகமாம். ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் கையில் இருந்தது ஈரல் ரிப்போர்ட். காய்ச்சலைப் பற்றி யார் பேசினார்கள்? அவளைத் தரதரவென்று வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"ஏம்மா, தமிழ் வாத்தியாரோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கே. இறங்குமுகம்னா என்னன்னு தெரியாது?"

"காய்ச்சல் இறங்கினா நல்லதுதானே?"

"கடை இறங்குமுகம்னா நல்லதா? குடும்பம் இறங்குமுகம்னா கைதட்டுவாங்களா?"

"உங்களுக்கு நல்லதாவே நினைக்க வராது அண்ணி. நான் வீட்டுக்குப் போய் மெத்தையை வெயில்ல போடறேன். அவர் வந்தா படுக்கணும்ல?"

பையைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டாள். கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி என்ன நடை. புருஷன் பிழைக்க மாட்டான், இவளுக்கு மெத்தைக் கவலை.

தம்பியிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வெளியூரில் இருக்கும் மகளை ஒருமுறை பார்த்துவிட்டாவது போகட்டும்.

உள்ளே வந்து அக்கா வாயைத் திறப்பதற்குள் அவன் கண்ணைத் திறந்தான்.

"டாக்டர் எழுவாயை முழுங்கிட்டுச் சொன்னார்க்கா. இவ 'காய்ச்சல்'னு ஒண்ணைப் போட்டுக்கிட்டா. நீ திருத்தாதே."

"அப்ப உனக்கு..."

"எழுவாய் நான்தான்னு தெரியும். அவ சிரிக்கிற வரைக்கும் சிரிக்கட்டும். தெரிஞ்சா தாங்க மாட்டா."

 முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று அக்கா வெளியே வந்தாள்.

வீட்டுக்குப் போனவள் மாடிப்படித் திருப்பத்தில், சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். போனில் மகள்.

"இன்னைக்கே கிளம்பிடு. ஆமாம்மா, ஈரல் போயிடுச்சு. அப்பா கேட்டா லீவு கிடைச்சுதுன்னு சொல்லு. உள்ளே வரும்போது அழக் கூடாது. காய்ச்சல் இறங்குதுன்னு நம்பிக்கிட்டிருக்கார், பாவம்."

அக்கா சத்தமில்லாமல் திரும்பினாள்.

"எங்கே அவ?" என்றான் தம்பி.

"வீட்டுக்கு ஓடியிருக்கா. நீ வந்து படுக்க மெத்தையை வெயில்ல போடணுமாம்." அக்கா அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "அவளுக்கு என்னடா தெரியும்?"