முதுகில் எழுதிய பெயர்

“அக்கா, தூங்கிட்டியா?” போர்வைக்குள்ளிருந்து தங்கை கிசுகிசுத்தாள்.

“தூங்க விட்டாத்தானே. என்னடி?”

“நான் அங்க போகவே இல்லக்கா. சத்தியமா.”

அம்மா ராணுவ மருத்துவமனையில் நர்ஸ். பெருந்தொற்றை அங்கே எப்படிச் சமாளித்தார்கள் என்று இப்போது விசாரணை நடக்கிறது. விசாரணைக் குழு விளக்கம் கேட்டு அம்மாவிடம் கொடுத்தனுப்பிய கேமரா பதிவை மாலையில் மூவரும் பார்த்தார்கள். கவச உடைக்குள் முகம் தெரியாது என்பதால் ஒருவர் முதுகில் இன்னொருவர் பெயர் எழுதிவிடுவது அங்கே வழக்கம். பதிவில் இருந்த இரவில் டியூட்டியில் அம்மா மட்டும்தான். கேமராவைத் தாண்டிப் போகும்போது முதுகு வெறுமையாக இருந்தது. திரும்பி வந்தபோது கோணல்மாணலாக ‘அம்மா’ என்று இருந்தது. தங்கையின் கையெழுத்தேதான்.

“வெளியாளை உள்ள விட்டதா சொல்லி அம்மாவை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களாக்கா?”

“லூசு. அன்னைக்கு நீ என் பக்கத்துலதான் படுத்திருந்த. எந்திரிக்கவே முடியல உனக்கு.”

“அதான் பயமா இருக்கு.”

கதவைத் திறந்துகொண்டு அம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். தங்கையின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“யாரும் வரலன்னுதான் நாளைக்குச் சொல்லப்போறேன். பயப்படாத. ஆனா அவ்வளவு காய்ச்சலோட ஏன்டி வந்த? எழுதுறப்ப உன் கை உடைக்கு மேலயே சுட்டுச்சு.”