ஓரப்பட்டிக்கு இன்னொரு மூலை

தையல்காரர் பேரனின் பஞ்சுப் போர்வைக்கு ஓரப்பட்டி வைத்துக்கொண்டிருந்தார். மகளும் பேரனும் மத்தியான பஸ்ஸில் ஊருக்குக் கிளம்புகிறார்கள். பயல் தாத்தா மடியைத் தவிர வேறெங்கும் தூங்காதவன். இந்தப் போர்வையாவது அங்கே அவனைத் தூங்கவைக்கும் என்று வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

மூலைக்குக் கொஞ்சம் முன்பே மிஷினை நிறுத்தி, பட்டியை மேலே ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு மடித்துத் திருப்புவது அவர் வழக்கம். நாலு மூலையும் கச்சிதமாக வந்தன. ஐந்தாவதாக இன்னொரு மூலை வந்து நின்றது.

"இன்னும் ஒரு மூலை இருக்கும்மா" என்றார்.

"போர்வைதானேப்பா தைக்கிறீங்க, நட்சத்திரம் இல்லியே? பஸ்காரன் உங்க மாப்பிள்ளை மாதிரி கைகட்டிக் காத்திருக்க மாட்டான்."

பட்டியை நாலு மூலைக்குத்தான் வெட்டியிருந்தார். அரைகுறையாக விட மனசு வரவில்லை. போட்டிருந்த நீலச் சட்டையின் கீழோரத்தைக் கத்தரித்து, அந்த மூலைக்கும் வைத்துத் தைத்து முடித்தார். உதறி விரித்தால் போர்வைக்கு நாலே மூலை. நீலத்தை எங்கும் காணோம். தேட நேரமில்லை; மடித்துக் கொடுத்தனுப்பினார்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள்.

"படுத்ததும் தூங்கிட்டான்ப்பா. உதைச்சுத் தள்ளிடுவான்னு நாலு மூலையையும் மெத்தைக்கு அடியில செருகிட்டேன்." குரலைத் தாழ்த்தினாள். "வாயில நீலமா ஒரு மூலையைச் சப்பிக்கிட்டிருக்கானே, அது எதுப்பா?"

தையல்காரர் இன்னும் சட்டையை மாற்றவில்லை. கத்தரித்த ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது.