அவசரக்குடுக்கை

நிதிச் செயலரின் கம்ப்யூட்டர் திரை பட்டென்று இருண்டதும், எதிரே உட்கார்ந்திருந்த இயக்குநருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டார்.

நாட்டின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் காவல் இருக்கும் நிறுவனத்துக்கு அவர்தான் தலைவர். காவல் என்று பெயர்தான். சம்பளம் கட்டுப்படியாகாமல் ஆட்கள் ஒவ்வொருவராகத் தனியார் கம்பெனிகளுக்கு ஓடிவிட, மிஞ்சியது ஒரே ஒரு பெண். எதிலும் முந்திக்கொள்வாள் என்பதால் அவளுக்கு அவசரக்குடுக்கை என்றே பெயர்.

"வருஷம் பூரா ஒண்ணுமே நடக்கலையே, உங்களுக்கு எதுக்கு இவ்வளவு ஆளும் பணமும்?" என்று சற்றுமுன்தான் செயலர் ஃபைலைத் தள்ளிவிட்டிருந்தார்.

"ஒண்ணும் நடக்கலைன்னா நாங்க வேலை பாக்கறோம்னு அர்த்தம் மேடம்."

"இந்தக் கதையெல்லாம் வேண்டாம்."

இப்படித்தான் ஆகும் என்று தெரிந்தே இயக்குநர் ஒரு நாடகத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்திருந்தார். அவர் மிஸ்டு கால் கொடுத்ததும், அவள் செயலரின் கம்ப்யூட்டரை மட்டும் முடக்க வேண்டும்.

அவர் கை இன்னும் சட்டைப் பைக்கே போகவில்லை. அதற்குள் முடக்கிவிட்டாளே, பேருக்கேற்ற பெண்தான்!

"என்ன ஆச்சு இதுக்கு?" செயலர் படபடவென்று தட்டிப் பார்த்தார்.

"தாக்குதல்தான் மேடம். தடுக்க என்கிட்ட ஆள் எங்க இருக்கு?"

உதவியாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "மேடம், எந்த ரூம்லயும் கம்ப்யூட்டர் வேலை செய்யல! பேங்க்லயும் இதே கூத்துதானாம்!"

செயலருக்கு வியர்த்துக் கொட்டியது. ஃபைலை இழுத்து, கேட்ட பணம், கேட்ட ஆட்கள் அத்தனைக்கும் கையெழுத்துப் போட்டார். "எப்படியாவது நிறுத்துங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

ஃபைலோடு வராந்தாவுக்கு வந்த இயக்குநருக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம். ஒன்றை முடக்கச் சொன்னால் ஊரையே முடக்குவதா? ஜன்னலுக்கு வெளியே சிக்னல்கள் அணைந்து, வண்டிகள் தாறுமாறாக நின்றன. தூரத்தில் ஓர் ஆம்புலன்ஸ் வழி கிடைக்காமல் அலறிக்கொண்டிருந்தது. அவசரமாக அந்தப் பெண்ணைப் போனில் அழைத்தார்.

"போதும்மா, கையெழுத்து வாங்கியாச்சு. எல்லாத்தையும் பழையபடி ஆக்கிடு."

"சார்... உங்க மிஸ்டு காலுக்காகத்தான் நான் இன்னும் காத்துக்கிட்டிருக்கேன்."