வெட்ட வேண்டிய வயர்

"ஆளு ஆசுபத்திரியில கிடக்கும்போ கடையைப் பிடிக்க வந்தீராக்கும்?"

டெல்னா வாசலை மறித்தாள். பூவாரில் வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்க அவள் கணவன் ரெஜி நடத்தும் கடை அது. கம்பத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து கிடக்கிறான் ரெஜி. எப்போது எழுந்து நடப்பான் என்று டாக்டர் வாய் திறக்கவில்லை. இங்கே மெயின் லைன் அறுந்து, நேற்றிலிருந்து ஒரு வீட்டுக்கும் நெட் கிடையாது.

வந்தவர் கனகதாஸ். பக்கத்து ஊரான திருப்புறத்தில் இதே தொழில் செய்யும் போட்டிக்காரர். இவர் வயரை ரெஜி வெட்டுவதும், ரெஜி வயரை இவர் வெட்டுவதும் பத்து வருஷப் பழக்கம்.

"வழி விடு பிள்ளே. என் ரவுட்டர்ல இருந்து உங்க ரவுட்டருக்கு நேரா ஃபைபர் இழுத்தாச்சு. சொருக வேண்டியதுதான்."

"சொருகினா எங்க கஸ்டமர் மொத்தமும் உம்ம பக்கம் வந்திருவினும். அதுதானே?"

"வேண்டாம்னா விடு. நாளைக்கு எல்லாவனும் வேற எவன்கிட்டயாவது போவான்."

அவள் பயமும் அதுதான். விலகினாள்.

வயரின் நுனியில் அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று என்று இரண்டு இழைகள். கனகதாஸ் இரண்டையும் ரெஜியின் ரவுட்டரில் சொருகினார். விளக்கு எரியவில்லை. திருப்புறத்தில் மறுமுனையில் இருந்தவனிடம் போனில் பாய்ந்தார்.

"எலே ஜினு, உறங்குதியா?"

"இங்க எல்லாம் சரியாக்கும் அண்ணே!"

டெல்னாவுக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு இழையையும் மாத்திச் சொருகும். அங்கயும் அனுப்புற வாய், இங்கயும் அனுப்புற வாய். ரெண்டுபேரும் பேசிட்டே இருந்தா யாரு கேக்க?"

"இதை உன் மாப்பிள்ளைகிட்டயும் சொல்லியிருக்கலாம்."

"உம்மகிட்டயுந்தான்!"

முறைத்துக்கொண்டே மாற்றினார். பச்சை விளக்கு எரிந்தது. லேப்டாப்பைத் திறந்து, ரெஜியின் லைன் முழுவதையும் புது வயர் வழியே திருப்பிவிட்டார்.

சற்று நேரத்தில் அவள் போன் அடித்தது. ஒரு கஸ்டமர். "நெட்டு வந்துட்டு சேச்சி!"

டெல்னாவின் குரல் தணிந்தது. "இனி கஸ்டமர் எல்லாம் யாரு பேர்ல?"

"இதென்ன கேள்வி? ரெஜி பேர்லதான்."

"அப்ப உமக்கு என்ன?"

"சும்மா செய்யதுக்கு எனக்கென்ன கிறுக்கா? பேரம் உண்டு."

அவள் முகம் மறுபடி இறுகியது. "சொல்லும்."

கனகதாஸ் வாசல் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

"உன் மாப்பிள்ளை எந்திரிச்சு நடந்து வந்து, இந்த வயரையும் அவன் கையாலயே வெட்டணும்."